ஆத்தி மரத்தடி விருந்தாளி

(கும்பகோணத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்வெட்டும் இசையும் சிற்பமும் பேசப்படும் மேடையில் திகில் சித்திரக்கதையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நண்பர்கள் சிலர் கவலைப்பட்டார்கள். காமிக்ஸ் என்றால் கோடை விடுமுறையில் திண்ணையில் படுத்துப் படிப்பது, பள்ளி திறந்ததும் பழைய பேப்பர்க் கடைக்குப் போவது என்றுதான் நம் வீடுகளில் வழக்கம். என் பேச்சில் ஒரு பாதி தாராசுரத்தைப் பற்றியது. மறு பாதி, நம் பிள்ளைகளில் யாரையும் இன்று வந்து தொடக்கூடிய ஓர் ஆபத்தைப் பற்றியது. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கதை இருக்கிறது. அதை ஓவியம் பயிலும் நீங்கள் வரைய வேண்டும் என்று கேட்கவே வந்திருக்கிறேன்.

ஆபத்து எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். "உன்னை மேம்படுத்துகிறோம், உன் பயத்தைப் போக்குகிறோம், உன்னை வெற்றியாளன் ஆக்குகிறோம்" என்று அழைத்து, உள்ளே நடப்பதை வீட்டாரிடம்கூடச் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொள்ளும் குழுக்களைச் சொல்கிறேன். தன்முன்னேற்ற எழுத்து எல்லாவற்றையும் இதில் சேர்ப்பது பெரும் அநியாயம். வ.உ.சிதம்பரனார் ஜேம்ஸ் ஆலனின் நூல்களை 'மனம்போல வாழ்வு', 'அகமே புறம்' என்று தமிழாக்கித் தந்தார். மயிலாடுதுறைப் பக்கத்து விளநகரில் பிறந்த எம்.எஸ்.உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' எத்தனையோ கிராமத்து இளைஞர்களை எழுந்து நிற்க வைத்தது. அவையெல்லாம் பகிரங்கமானவை. பிடிக்காத பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடலாம், நண்பனிடம் கொடுத்து "இது சரியா?" என்று கேட்கலாம். நான் சொல்லும் குழுக்களில் இந்த இரண்டுக்கும் வழி இல்லை.

இனி தாராசுரம். இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதீசுவரர் கோயில் 2004இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் இடம் பெற்றது. வருபவர்கள் தேர்ச் சக்கர மண்டபத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் கருவறையின் வெளிச்சுவரை ஒட்டிக் குனிந்து நடக்க வேண்டும்.   சுவரின் அடித்தளத்தில், முழ உயரம்கூட இல்லாத சிறு கட்டங்களில், நாயன்மார்களின் வரலாறு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் இன்னார் கதை இது என்று எழுத்தும் பொறித்திருக்கிறார்கள். ஜே.ஆர்.மார் என்ற ஆங்கிலேயத் தமிழறிஞர் 1979இல் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். சேக்கிழார் பெரிய புராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். அவன் மகன் காலத்திலேயே அந்தக் கதைகள் கல்லில் கட்டம் கட்டமாக வந்துவிட்டன. படம், கட்டம், எழுத்து, வரிசை என்று நாம் சித்திரக்கதைக்குச் சொல்லும் இலக்கணம் அத்தனையும் அங்கே இருக்கிறது.

அந்த வரிசையில் சிறுத்தொண்டரும் உண்டு. அவர் கதை உங்களுக்குத் தெரியும்; ஆனாலும் அதை ஓவியரின் கண்ணோடு, ஒவ்வொரு நகர்வாக, என்னோடு ஒருமுறை பாருங்கள்.

திருச்செங்காட்டங்குடியில் பரஞ்சோதியார் என்னும் சிறுத்தொண்டர், பல்லவனுக்காக வாதாபியை வென்று திரும்பி, படைக்கலம் விட்டு, அடியார்க்கு அமுதளித்து வாழ்கிறார். நாள்தோறும் ஓர் அடியவரையாவது உண்பித்த பிறகே தாம் உண்பது அவர் நோன்பு. ஒரு நாள் யாரும் கிடைக்கவில்லை. அவர் தேடிப் போயிருக்கும் நேரத்தில் வடநாட்டிலிருந்து வந்த பயிரவக் கோலத்து அடியவர் ஒருவர் வாசலில் நிற்கிறார். ஆண் இல்லாத வீட்டுக்குள் வர மாட்டேன் என்கிறார். கணபதீச்சரத்து ஆத்தி மரத்தடியில் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போகிறார். சிறுத்தொண்டர் ஓடுகிறார். "உன்னால் எனக்கு உணவளிக்க முடியாது" என்கிறார் வந்தவர். "எதுவானாலும் சொல்லுங்கள், செய்கிறேன்" என்கிறார் இவர். கேட்கப்போவது என்ன என்று தெரிவதற்கு முன்பே வாக்குக் கொடுத்தாயிற்று.

பிறகுதான் நிபந்தனைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பசுவை உண்பேன். இன்று அந்த நாள். இவர் மகிழ்ந்துபோய், என்னிடம் ஆநிரைகள் உண்டு என்கிறார். நான் உண்ணும் பசு நரப்பசு. வயது ஐந்து. உடலில் ஊனம் இருக்கக் கூடாது. ஒரு குடிக்கு ஒரே மகனாக இருக்க வேண்டும். தாய் பிடிக்க, தந்தை அரிய வேண்டும். இருவர் மனமும் மகிழ்ந்து செய்ய வேண்டும். கறியாகச் சமைத்துத் தர வேண்டும். அவ்வளவுதான்.

கவனியுங்கள், "உன் மகனைக் கொடு" என்று வந்தவர் ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. அளவுகளை மட்டும் வரைந்து வைக்கிறார். அந்த அளவுக்குள் யார் பொருந்துவான் என்பதைக் கணவனும் மனைவியும் தங்கள் வீட்டுக்குள் நின்று தாங்களே கண்டுபிடிக்கிறார்கள். அதைத் தாங்களே எடுத்த முடிவாக ஏற்கிறார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து மகன் சீராளனைத் தந்தை அழைத்து வருகிறார். தாய் குளிப்பாட்டி, தலை வாரி, அணிகலன் பூட்டுகிறாள். பெற்றோர் முகத்தில் மகிழ்ச்சியைக் கண்டு பிள்ளையும் சிரிக்கிறது.

புராணத்தில் வந்தவர் இறைவன். இலையில் கறி பரிமாறிய பிறகு, "உன் மகனையும் அழை, அவனில்லாமல் உண்ண மாட்டேன்" என்கிறார். வெளியே போய் அழைக்கிறார்கள். பள்ளியிலிருந்து வருவதுபோல் பிள்ளை ஓடி வருகிறான். நான் சைவக் குடும்பத்தில் வளர்ந்தவன். இந்த முடிவைக் கேட்டு அழுத பெண்களை அறிந்தவன். சித்திரைப் பரணியில் திருச்செங்காட்டங்குடியில் நடக்கும் அமுது படையலுக்குப் பிள்ளை வரம் வேண்டிப் போகிறவர்களின் நம்பிக்கைக்கு என் வாயிலிருந்து ஒரு சொல்லும் எதிராக வராது. சேக்கிழாருக்கு நூறாண்டுக்கு மேல் முன்பே, தஞ்சைப் பெரிய கோயிலில் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்த வேளான் சிறுத்தொண்ட நம்பிக்கும் அவர் மனைவி திருவெண்காட்டு நங்கைக்கும் மகன் சீராளதேவருக்கும் செப்புத் திருமேனி எடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அவ்வளவு ஆழமாக நம் மண்ணில் ஊன்றிய கதை இது. டேவிட் ஷுல்மன் இதையும் இதன் தெலுங்கு உறவுகளையும் ஆபிரகாமின் கதையோடு வைத்து 1993இல் ஒரு நூலே எழுதினார்.

நான் எடுத்துக்கொள்வது ஒன்றை மட்டும். கேட்பவர் இறைவனாக இருந்தால் பிள்ளை திரும்பி வருகிறான். கேட்பவன் மனிதனாக இருந்தால் வருவதில்லை. ஆத்தி மரத்தடியில் நடந்த அதே உரையாடலை, அதே வரிசையில், மனிதர்கள் மனிதர்களிடம் நடத்தியிருக்கிறார்கள். அதற்குப் பதிவுகள் இருக்கின்றன.

அமெரிக்காவில் கீத் ரானியேரி 1998இல் தொடங்கிய நெக்ஸியம் என்ற அமைப்பைப் பாருங்கள். நிர்வாகிகளுக்கான வெற்றிப் பயிற்சி வகுப்புகள்தான் தொடக்கம். தோளில் போடும் துண்டின் நிறம் படிக்குப் படி மாறும். பல ஆண்டுகள் கழித்து அதற்குள் பெண்களுக்கென ஓர் இரகசியக் குழு. சேர வேண்டுமானால், குழு என்னவென்று சொல்வதற்கு முன்பே, வெளியே வந்தால் தன் வாழ்வே நாசமாகிவிடும் என்னும்படியான இரகசியத்தையோ படத்தையோ பிணையாகக் கொடுக்க வேண்டும். பிறகு பிணை மேல் பிணை. நடவுச் செலவுக்கு நகையை அடகு வைத்து, வட்டி கட்ட முடியாமல் அடுத்த நகையைத் தூக்கிக்கொண்டு அதே கடைக்கு நடந்தவர்கள் வாழும் நாடு நம்முடையது; அந்தப் பெண்கள் சிக்கிய விதத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கடைசியில் உடம்பில் சூட்டுக்குறி. அந்தக் குறிக்குள் தலைவனின் பெயரெழுத்து இருந்தது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. 2019இல் ரானியேரி குற்றவாளி என்று தீர்ப்பானது. 2020இல் 120 ஆண்டுச் சிறை.

சூடு போட்டுக்கொள்கிறாயா என்று முதல் நாள் கேட்டிருந்தால் ஒருத்தியும் தலையாட்டியிருக்க மாட்டாள். முதல் நாள் கேட்டது வேறு. ஒவ்வொரு நாளும் அடுத்த ஒரு கட்டத்தை மட்டும் காட்டினார்கள். முந்தைய கட்டத்துக்குச் சம்மதித்தவள் என்பதே இந்தக் கட்டத்துக்கான காரணமாயிற்று.

ஜப்பானில் ஓம் ஷின்ரிக்யோ 1984இல் தோக்கியோவில் ஒரு யோகா வகுப்பாகத் தொடங்கியது. உடல் நலம், மன அமைதி, மறைந்த ஆற்றல்களை எழுப்புதல் இவைதான் அழைப்பு. நன்கு படித்த வேதியியலாளர்களும் மருத்துவர்களும் சேர்ந்தார்கள். 1989இல் அவர்களை எதிர்த்து வழக்காடிய வழக்கறிஞரை, மனைவியோடும் கைக்குழந்தையோடும் கொன்றார்கள். 1995 மார்ச் 20ஆம் நாள் சுரங்க ரயிலில் சாரின் நச்சுவாயுவை விட்டார்கள். ஓவிய மாணவர்களான நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியது இன்னொன்று. அந்தக் குழு ஆள் சேர்க்கப் பயன்படுத்தியவற்றில் சித்திரக்கதையும் அசைவுப்படமும் இருந்தன. தலைவன் அந்தரத்தில் மிதப்பதை அழகாக வரைந்து கொடுத்தவர்களும் ஓவியர்களே.

தொலைதூரத்தைச் சொல்லி நம் வாசலை விட்டுவிட்டால் அது நேர்மை ஆகாது. நம் காவிரிப் படுகையின் மேற்கு விளிம்பைத் தாண்டினால் விராலிமலை. அதன் அருகே ஆசிரமம் வைத்திருந்த பிரேமானந்தா என்ற சாமியார் இலங்கை மாத்தளையிலிருந்து வந்தவர். போரில் ஆதரவிழந்து வந்த பிள்ளைகளும் அந்த ஆசிரமத்தில் வளர்ந்தார்கள். தப்பி வந்த ஒரு பெண் வாய் திறந்ததில் 1994இல் வழக்கு வெடித்தது. பாலியல் வன்கொடுமைக்கும் கொலைக்கும் 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. மரபணுச் சோதனை சாட்சியமாக ஏற்கப்பட்ட வழக்கு அது. 2005இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. 2011இல் அவர் இறந்தார். தீர்ப்புக்குப் பிறகும் அவரை நம்பியவர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். தில்லி புராரியில் 2018 ஜூலை 1 அன்று ஒரே வீட்டில் 11 பேர் இறந்து கிடந்தபோது, அந்த வீட்டில் கிடைத்த நோட்டுப் புத்தகங்களில் குடும்பம் சீராக வாழ்வதற்கான கட்டளைகள் ஆண்டுக் கணக்கில் எழுதப்பட்டிருந்தன. அங்கே வெளியாள் யாரும் இல்லை. வீடே குழுவாகியிருந்தது.

இந்த இடத்தில் ஓவியருக்கு ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். திகில் என்றதும் கை தானாக மண்டையோட்டையும் சடைமுடியையும் சாம்பலையும் வரையப் போகும். அந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். காபாலிகர், காளாமுகர் என்ற பழைய சைவத் துறவியர் நம் கற்பனையில் கொலைவெறிக் கூட்டமாகவே நின்றுவிட்டார்கள். ஆனால் விராலிமலைக்குப் பக்கத்திலேயே இருக்கும் கொடும்பாளூர் மூவர்கோயில் கல்வெட்டைப் பாருங்கள். சிற்றரசன் பூதி விக்கிரமகேசரி காளாமுக ஆசாரியர் மல்லிகார்ச்சுனருக்கு மடம் தந்து, 50 துறவியர்க்கு உணவளிக்க ஊர்கள் விட்ட செய்தி அதில் இருக்கிறது. வேதம் கற்று, மடம் நடத்தி, ஊரோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். டேவிட் லோரன்சன் 1972இல் எழுதிய நூலுக்குப் பிறகு அவர்களைப் பற்றிய பழைய பயங்கரச் சித்திரம் நிற்பதில்லை. இறந்துபோன ஒரு மரபின் மேல் இன்றைய குற்றத்தை ஏற்றி வரைந்தால், உண்மையான குற்றவாளி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது கண்ணில் படாது.

புத்தமங்கலத்தில் பிறந்த கல்கிக்கு இது ஒரு பாதி தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். உறையூர்க் காவிரிக் கரையில் தொடங்கும் 'பார்த்திபன் கனவு' நாவலில் நரபலிக்குக் காத்திருக்கும் கபாலிகர் கூட்டம் வருகிறது. மண்டையோடும் இருட்டும் அங்கே நிறைய உண்டு. ஆனால் அந்தக் கூட்டத்தின் தலைவனாகிய கபால பைரவன், பதவிக்காக வேடம் போட்ட வாதாபி அரச குடும்பத்தவன். அவனைக் கூட்டத்தின் நடுவே அடையாளம் காட்டுபவர் யார் தெரியுமா? சிறுத்தொண்டர். புராணத்தில் பயிரவரை நம்பிப் பிள்ளையைத் தந்தவர், நாவலில் போலிப் பைரவனின் முகத்திரையைக் கிழிக்கிறார். இதைக் கல்கி திட்டமிட்டுச் செய்தாரா என்று எனக்குக் கவலையில்லை. சித்திரக்கதை வரைபவர் தொடங்க வேண்டிய இடம் அது.

தமிழில் சித்திரக்கதை படித்தவர்களுக்கு இரகசியக் கூட்டங்கள் புதிதில்லை. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்தது. 1984இல் லயன் காமிக்ஸ். நினைவிழந்த ஒருவன் ஒரு நாட்டையே கவிழ்க்கப் பார்க்கும் சதிக் குழுவைத் தேடும் 'இரத்தப் படலம்' 2010இல் 18 பாகங்களும் ஒரே தொகுப்பாக வந்தபோது, ஊர் ஊராக ஆர்டர் கொடுத்துக் காத்திருந்த வாசகர்களை நான் அறிவேன். இந்தக் கதைகள் மேல் எனக்கு உண்மையான மதிப்பு உண்டு. ஆனால் அவற்றில் சதிக் குழு எப்போதும் வெளியே இருக்கிறது. நாயகன் அதைத் துரத்துகிறான். நாம் பேசும் குழுவைத் துரத்த முடியாது. அது அம்மாவின் குரலில், அண்ணனின் அன்பில், மாமாவின் சிபாரிசில் வருகிறது.

நம் அரசும் ஒரு காலத்தில் திகில் சித்திரக்கதைக்குப் பயந்திருக்கிறது. அமெரிக்காவில் 1954இல் பிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவரின் நூலும் செனட் விசாரணையும் சேர்ந்து ஈசி காமிக்ஸ் போன்ற திகில் இதழ்களை முடக்கின. இங்கிலாந்து 1955இல் சட்டம் போட்டது. அடுத்த ஆண்டே, 1956இல், இந்தியாவிலும் இளையோருக்குத் தீங்கான வெளியீடுகள் பற்றிய சட்டம் வந்துவிட்டது. படங்களால் சொல்லப்படும் கதைகளில் குற்றமும் கொடூரமும் அருவருப்பும் வந்து, 20 வயதுக்கு உட்பட்டவர்களைக் கெடுக்குமானால் அது குற்றம். பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்ற அக்கறையில் பிறந்த சட்டம் அது. அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் குழுவின் முதல் அழைப்பு போய்ச் சேர்வதும் அந்த வயதுக்காரர்களுக்குத்தான். வழி எப்படிப் போகிறது என்பதைப் படமாகப் பார்க்க வேண்டியவர்களும் அவர்கள்தான்.

ஏன் படமாக? நாவலாக எழுதலாமே, திரைப்படம் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். என் பேச்சின் மையம் இந்தக் கேள்விக்கான விடை.

குழு மனிதனை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு அழைத்துப் போகிறது. அவன் கண்ணுக்குத் தெரிவது எப்போதும் நிற்கும் கட்டமும் அடுத்த கட்டமும் மட்டும். திரைப்படம் பார்ப்பவனும் அப்படித்தான். ஓடும் படத்தில் முன்னது மறைந்தால்தான் பின்னது வரும். சித்திரக்கதையின் பக்கத்தில் மட்டும் ஆறு, ஏழு கட்டங்கள் ஒரே சமயத்தில் கண் முன் கிடக்கின்றன. கடைசிக் கட்டத்தில் நின்றுகொண்டு முதல் கட்டத்தைப் பார்க்கலாம். இடையில் எங்கே திரும்பியிருக்கலாம் என்று விரல் வைத்துக் காட்டலாம். உள்ளே இருப்பவனுக்கு மறுக்கப்பட்ட பார்வை இதுதான். தாராசுரத்துச் சிற்பி சுவரோடு சுவராக அதை நமக்குத் தந்தான். திருவாரூர் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் சிங்காதனம் என்ற ஓவியர் முசுகுந்த மன்னன் வரலாற்றை வரிசை வரிசையாகத் தீட்டி, ஒவ்வொரு காட்சிக்கும் அடியில் தமிழில் எழுதியும் வைத்தார். அண்ணாந்து பார்த்தால் விண்ணுலகமும் திருவாரூரும் ஒன்றாகத் தெரியும்.

இன்னொன்று, கட்டங்களுக்கு நடுவே விடும் வெற்றிடம். ஸ்காட் மெக்ளவுட் சித்திரக்கதையைப் பற்றி 1993இல் எழுதிய நூலில் இதை நன்றாக விளக்கினார். ஒரு கட்டத்தில் ஓங்கிய கை, அடுத்த கட்டத்தில் அலறல். நடுவில் வெட்டியது வாசகனின் மனம். சிறுத்தொண்டர் கதையில் தாய் நகை பூட்டும் கட்டத்துக்கும் இலை போடும் கட்டத்துக்கும் நடுவே வெற்றிடம் விட்டால் போதும். இரத்தம் ஒரு சொட்டும் வேண்டாம். வாசகன் தானே அந்த இடத்தை நிரப்புவான். நிரப்பியபின், நான் ஏன் இதை நிரப்பினேன் என்று திடுக்கிடுவான். குழுவின் தந்திரமும் இந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது. அளவைச் சொல்லிவிட்டுப் பெயரைச் சொல்லாமல் விட்டார் விருந்தாளி. எனவே இந்தப் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியவில்லை.

பேசாத கட்டங்களுக்குப் பயப்படாதீர்கள். தஞ்சாவூரில் 1924இல் பிறந்து, இந்த ஊர் ஓவியப் பள்ளியில் படித்த கோபுலு, வசனமே இல்லாத துணுக்குப் படங்களால் தமிழ்நாட்டையே சிரிக்க வைத்தவர். தோள் சாய்வதிலும் செருப்பு கிடக்கும் விதத்திலும் அவர் கதை சொல்லிவிடுவார். சிரிக்க வைத்த அந்தக் கோடு நடுங்க வைக்கவும் வல்லது.

நான் மனத்தில் வைத்திருக்கும் கதையைச் சொல்கிறேன், நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. தென்னம்பிள்ளை வைத்துக் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். கடனுக்கு அத்தனை பொறுமை இல்லை. அப்படி ஒரு தோப்பு வீடு. அப்பா பேசுவதைக் குறைத்துக்கொண்டார். பொறியியல் முடித்த மகனுக்கு வேலை இல்லை. உறவுக்காரர் ஒருவர் மூன்று நாள் பயிற்சி முகாமுக்கு அவனை அழைக்கிறார். நகரத்துக் கல்யாண மண்டபம். வாசலில் சந்தனம், பன்னீர், கற்கண்டு. செல்போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஜன்னல்கள் சாத்தியிருக்கின்றன. கூட்டத்தின் நடுவே எழுந்து வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாத அவமானத்தைச் சொல்லச் சொல்கிறார்கள். சொன்னதும் எல்லோரும் கட்டியணைத்து அழுகிறார்கள். அவன் வாழ்நாளில் யாரும் அவனை அப்படிக் கட்டிக்கொண்டதில்லை.

இந்தக் கட்டத்தை அன்போடு வரையுங்கள். கேலி செய்து வரைந்தால் கதை அங்கேயே செத்துப்போகும். அவனுக்குக் கிடைத்த ஆறுதல் உண்மையானது. வீட்டில் கிடைக்காதது அங்கே கிடைத்தது. அதனால்தான் அவன் இரண்டாம் படிக்குப் பணம் கட்டுகிறான். மூன்றாம் படிக்குத் தங்கையை அழைத்து வருகிறான். நான்காம் படியில், உன்னை இழுத்துப் பிடிப்பது எது என்று எழுதச் சொன்னபோது, யாரும் கேட்காமலே அப்பாவின் பெயரை எழுதுகிறான். நிபந்தனைகள் மட்டும் கரும்பலகையில் இருக்கின்றன. பெயரை அவன்தான் நிரப்பினான்.

தலைவன் முகத்தைக் காட்டவே வேண்டாம் என்பது என் கருத்து. சிறுத்தொண்டர் புராணத்தில் எனக்கு உறக்கத்தைக் கெடுப்பது பயிரவர் இல்லை. அடுக்களை. அங்கே சந்தனத்தாதியார் என்ற பணிப்பெண் இருக்கிறாள். தலை கறிக்கு ஆகாதென்று ஒதுக்கி அவளிடம் கொடுக்கிறார்கள். பிறகு விருந்தாளி தலைக்கறியும் வேண்டும் என்று கேட்க, கணவனும் மனைவியும் திகைத்து நிற்கும்போது, "கேட்பார் என்று நினைத்து அதையும் சமைத்து வைத்தேன்" என்கிறாள். அவளுக்கு யாரும் கட்டளையிடவில்லை. தலைவன் அடுத்து என்ன கேட்பான் என்பதை முன்கூட்டியே அறிந்து செய்து முடிப்பவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருக்கிறார்கள். குழு அவர்களால்தான் நடக்கிறது. அவர்கள் கெட்டவர்களாக இருப்பதில்லை. அடுப்பின் முன் குனிந்த அந்தப் பெண்ணின் முதுகை வரைந்துவிட்டால், நெக்ஸியத்தையும் ஓம் ஷின்ரிக்யோவையும் வரைந்த மாதிரிதான்.

அடுத்தது சீராளன். கதையில் எல்லோருக்கும் மனம் உண்டு, தந்தைக்கு, தாய்க்கு, விருந்தாளிக்கு. ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சிரிப்பு மட்டும். பிள்ளையின் கண் உயரத்திலிருந்து அந்த வீட்டைப் பார்த்தால் எப்படி இருக்கும்? ஜப்பானில் கிகுச்சி மரிகோ என்ற ஓவியர், தீவிர மதக் குழுக்களில் மூழ்கிய பெற்றோருக்குப் பிறந்தவர்களின் அனுபவங்களைக் கேட்டுச் சித்திரக்கதையாக வரைந்தார். அவரே அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர். ஒரு பெரிய பதிப்பகத்தின் தளத்தில் தொடராக வந்தது, ஒரு மத அமைப்பின் எதிர்ப்புக்குப் பிறகு நிறுத்தப்பட்டது. 2022 அக்டோபரில் இன்னொரு பதிப்பகம் அதை நூலாகக் கொண்டுவந்தது. அவர் வரைந்ததில் பேயும் இல்லை, கொலையும் இல்லை. அம்மா தன்னைப் பார்க்காமல் பூசையறையைப் பார்த்துக்கொண்டிருக்கும் முதுகுகள்தான் நிறைய. அந்த முதுகுகளைவிடப் பெரிய திகிலை நான் எந்த ஈசி காமிக்ஸிலும் பார்க்கவில்லை.

கடைசிப் பக்கம் என்ன என்பதில் உங்களுக்குள் சண்டை வரும், வரட்டும். வெளியே போய் அழைத்தால் பிள்ளை வருகிறானா, இல்லையா? வருகிறான் என்று வரைந்தால் விராலிமலையில் சிதைக்கப்பட்ட பெண்களிடம் சொல்லும் பொய். வரவே மாட்டான் என்று வரைந்தாலும் முழு உண்மை ஆகாது. கிகுச்சி வந்திருக்கிறார், வழக்கு மன்றத்தில் வாய் திறந்த பெண்களும் வந்தவர்களே. ஆனால் அவர்களைப் பெற்றோர் அழைத்து வரவில்லை. தாமே நடந்து வந்தார்கள். அதை வரைய முடியுமா என்று பாருங்கள்.

செய்முறையாக ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இதை வரைய முன்வருபவர், அப்படிப்பட்ட குழுவிலிருந்து வெளியே வந்தவர்களோடு முதலில் உட்கார்ந்து பேச வேண்டும். அவர்கள் சொல்ல விரும்பாததைக் கேட்கக் கூடாது. இரகசியத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டுதான் அவர்களை ஒரு கூட்டம் ஆட்டிவைத்தது. கதைக்காக நாமும் அதையே செய்துவிடக் கூடாது. பெயரையும் ஊரையும் முகத்தையும் மாற்றுங்கள். வரைந்த பக்கங்களை அச்சுக்குப் போகும் முன் அவர்களிடம் காட்டுங்கள். "இந்தக் கட்டம் வேண்டாம்" என்று அவர்கள் சொன்னால், அது உங்கள் மிகச் சிறந்த கட்டமாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.